எத்தியோப்பியக் கோப்புகளையும் திறவுங்கள்: டச்சு நீதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நீதி மற்றும் பாதுகாப்பு அமைச்சகம், டென் ஹாக், நெதர்லாந்து.

வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த முறைகேடுகளை ஆராய்ந்த யவுஸ்ட்ரா குழுவின் அறிக்கை 2021 பிப்ரவரி 8 அன்று வெளியானது. அன்றைக்கே அரசின் பேரில் மன்னிப்புக் கேட்டீர்கள். வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தீர்கள். அடுத்த ஆண்டு கடைசியில் கட்டுப்பாடுகளோடு மீண்டும் தொடங்கி, 2024-இல் இனி அடியோடு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தீர்கள். புது விண்ணப்பம் இல்லை. நடப்பில் இருப்பவை முடிந்ததும் கதவு அடைக்கப்படும். இந்த முடிவோடு எங்களுக்குச் சண்டை இல்லை. கதவை அடைத்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்பதுபோல் நடந்துகொள்வதோடுதான் சண்டை.

குழு ஆராய்ந்த நாடுகள் ஐந்து: வங்கதேசம், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா, இலங்கை. எடுத்துக்கொண்ட காலம் 1967 முதல் 1998 வரை. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நாடுகூட அதில் இல்லை. எத்தியோப்பியாவிலிருந்து பிள்ளைகள் பெருவாரியாக வெளிநாடு போனதோ 2000-க்குப் பிறகு. ஆக அவர்கள் வரைபடத்திலும் விடுபட்டார்கள், காலண்டரிலும் விடுபட்டார்கள். முறைகேடுகள் இந்த ஐந்து நாட்டோடும் 1998-ஓடும் நின்றுவிடவில்லை என்று குழுவே சொன்ன பிறகும், எத்தியோப்பியக் கோப்புகளை யாரும் வரிசையாக எடுத்துப் படிக்கவில்லை.

தமிழில் இதை எழுதக் காரணம், அந்த ஐந்தில் ஒன்று இலங்கை. அங்கே பிள்ளையைக் கையளிக்கும்போது தாயாக நின்ற பெண் சில வேளைகளில் தாயே இல்லை, கூலிக்கு நின்றவள் என்ற செய்தி வெளியே வர 30 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் பெற்றவர்கள் பலர் இறந்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் போய்விட்டன. எத்தியோப்பியா விஷயத்தில் இன்னும் அந்த அளவுக்குக் காலம் கடந்துவிடவில்லை. அதனால்தான் அவசரப்படுகிறோம்.

எத்தியோப்பியாவிலிருந்து வெளிநாட்டுத் தத்து உச்சத்துக்குப் போனது 2010 வாக்கில். அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 2,500 பிள்ளைகள். 2011 மார்ச்சில் எத்தியோப்பிய அமைச்சகம், நாளொன்றுக்கு 50 வரை பார்த்துவந்த தத்துக் கோப்புகளை 5 ஆகக் குறைத்தது. காகிதத்தில் நம்பிக்கை போய்விட்டதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் நிறுத்தினார்கள். 2018 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. கைக்குழந்தையாகவும் நாலைந்து வயதிலும் வந்தவர்களுக்கு இன்று 15-லிருந்து 25. பெற்றவர்கள் பலர் நாற்பதுகளில், ஐம்பதுகளில் உயிரோடு இருக்கிறார்கள். அன்று கேபெலே என்னும் உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட எழுத்தரை இன்றும் தேடிப் பிடிக்கலாம். இன்னும் பத்து ஆண்டு போனால் முடியாது.

முதலில் ஒரு சொல். எத்தியோப்பிய அரசு மொழியான அம்ஹாரிக்கில் எழுதிய காகிதங்களில் தத்தெடுப்புக்கு இருக்கும் சொல் 'குதிஃபெச்சா'. அது ஓரோமோ மக்களின் வழக்கத்திலிருந்து வந்தது. அந்த வழக்கத்தில் பிள்ளை இன்னொரு வீட்டில் வளரும். பெற்ற வீட்டுக்கும் போய்வரும். இரு வீட்டாருக்கும் அது தெரிந்த பிள்ளை. எத்தியோப்பியக் குடும்பச் சட்டமும் தத்துப்பிள்ளைக்குப் பிறந்த குடும்பத்தோடு உள்ள பிணைப்பு அறாது என்றே சொல்கிறது. டச்சுச் சட்டத்தில் தத்து என்றால் பழைய உறவு சட்டப்படி முற்றாக அறுந்தது. ஒரே காகிதத்தில் ஒரு தாய் 'படித்துவிட்டு வருவான்' என்று கைநாட்டு வைத்தாள். இந்தப் பக்கம் அதை 'உரிமை துறந்தாள்' என்று படித்தார்கள். இதில் பொய்க் கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை. மொழிபெயர்ப்பே போதுமாக இருந்தது. உங்கள் ஆய்வாளர்கள் மோசடியை மட்டும் தேடினால், காகிதம் சுத்தமாக இருக்கிறது என்று மூடிவைத்துவிடுவார்கள்.

இனி கோப்பின் உள்ளே வாருங்கள்.

எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் இனிஷியல் இதே கதைதான், வெளிநாட்டுப் படிவங்களில் அப்பா பெயர் 'சர்நேம்' ஆகி அண்ணன் தம்பி பெயர்கள் குழம்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டச்சுப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. உதாரணத்துக்கு, பையன் பெயர் காஸா, அப்பா பெக்கெலே, தாத்தா தெஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் பெக்கெலேயைக் குடும்பப் பெயராக எழுதுவார், இன்னொருவர் தெஸ்தாவை. இப்படித் தனித்தனியாகக் கொடுக்கப்பட்ட அண்ணனும் தங்கையும் இரண்டு கோப்புகளில் சம்பந்தமே இல்லாத இரு குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரிவார்கள். தாய் கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பா பெயரையே வைத்திருப்பாள். 'பெயர் பொருந்தவில்லை, இவர் தாய்தானா?' என்று சந்தேகம் எழுதிவைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

பெயரின் பொருளும் சாட்சியம்தான். காஸா என்றால் ஈடு. ஒரு பிள்ளை இறந்த பிறகு பிறந்தவனுக்கு வைக்கும் பெயர். மஸ்ரெஷா என்றால் துக்கத்தை மறக்கச் செய்பவன். நம் ஊரில் பிச்சை, குப்பம்மா என்று பெயர் வைத்தால் அந்த வீட்டில் முன்னே என்ன நடந்தது என்று பெரியவர்களுக்குப் புரியும், அதுபோல. அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தபோது, தனக்கு முன்னே ஓர் உடன்பிறப்பு இருந்து இறந்தது என்ற ஒரே தடயத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். இன்று அவர் அந்த முதற்பெயரைத் திரும்பப் பெற வேண்டுமானால் வக்கீல் பிடித்து நீதிமன்றம் போக வேண்டும். பறித்தபோது அவரிடம் யாரும் காசு கேட்கவில்லை, திருப்பித் தரத்தான் கேட்கிறார்கள்.

தேதிக்கு வருவோம். எத்தியோப்பிய ஆண்டு நம் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டு பின்னே ஓடுகிறது, செப்டம்பர் 11 அல்லது 12-இல் தொடங்குகிறது, மாதம் பதின்மூன்று. காகிதத்தில் 1-5-1996 என்று இருந்தால் அது ஐந்தாம் மாதமாகிய திர் முதல் நாள், அதாவது 2004 ஜனவரி 10. அவசரக்காரர் வெறுமனே ஏழைக் கூட்டி 2003 மே 1 என்று எழுதிவிடுவார். இன்னொருவர் எட்டைக் கூட்டி 2004 மே 1. முதல் தவறில் பிள்ளைக்கு எட்டு மாதம் கூடிவிட்டது. நான்கு வயதில் எட்டு மாதம் என்பது ஒரு வகுப்பு. கடைசி மாதம் பகுமேயில் ஐந்து நாள்தான், நான்காண்டுக்கு ஒரு முறை ஆறு. அதில் பிறந்த பிள்ளைக்கு 12 மாதப் படிவத்தில் இடமே இல்லை, ஆகவே ஏதோ ஒரு தேதியை இட்டு நிரப்பினார்கள். வயதையே மாற்றி எழுதிய கோப்புகள் வேறு. சின்னப் பிள்ளை என்றால் எளிதில் தத்துப்போகும். பிறகு பத்து வயதென்று எழுதிய பெண் பருவமடையும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். எலும்பு எக்ஸ்ரே எடுத்து வயது சொல்கிறார்கள். அதற்கு வழக்கமாக வைத்துப் பார்க்கும் அட்லஸ் 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கையெலும்பைக் கொண்டு உருவானது. சிறுவயதில் சோறில்லாமல் இருந்து பிறகு வேகமாக வளர்ந்த பிள்ளைக்கு அது ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் காட்டினால் ஆச்சரியமில்லை.

இடம். கோப்பில் 'தெற்கு தேசங்கள், தேசிய இனங்கள், மக்கள் மாநிலம்' என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரில் இன்று மாநிலம் இல்லை. 2020-இல் சிதாமா பிரிந்தது, 2021-இல் தென்மேற்கு பிரிந்தது, 2023-இல் மிச்சம் இருந்ததும் தெற்கு எத்தியோப்பியா, மத்திய எத்தியோப்பியா என இரண்டானது. அங்குள்ள இனங்களில் வோலாய்தாப் பிள்ளையின் காகிதம் இப்போது ஒரு மாநிலத்தில், ஹதியா, கெம்பாட்டாப் பிள்ளைகளின் காகிதம் வேறொன்றில். எந்த அலுவலகத்துக்கு எந்தப் பதிவேடு போனது என்று இன்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. தனியொரு இருபது வயதுப் பெண் இங்கிருந்து மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் கிடைக்காது. அரசு தூதரகம் வழியாகக் கேட்டால் கிடைக்கும்.

அம்ஹாரிக் மூலத்தைத்தான் படிக்க வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பை அல்ல. மூலத்திலேயே கூட ஒரு மொழிபெயர்ப்பு ஒளிந்திருக்கிறது: தாய் பேசியது வோலாய்தா மொழி, எழுத்தர் எழுதியது அம்ஹாரிக். இரண்டு தடவை வடிகட்டிய பிறகு உறவுமுறை என்னவாகும் என்பது பெரியம்மா, சித்தி, அத்தை மூவரையும் 'ஆன்ட்டி' என்ற ஒரே சொல்லில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பண்பாடு என்ற பெயரில் இங்கே நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் எத்தியோப்பிய விழா. இன்ஜேரா அப்பம், காப்பி வறுத்துக் காட்டுதல், அம்ஹாரிக் எழுத்து நாலு. கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் முகவரி தப்பு. தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள் பலரின் வீட்டு மொழி அம்ஹாரிக் அல்ல. வோலாய்தா மொழியைப் பள்ளியில் லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் கோச்சோவுக்குப் பெரிய இடம்: வாழை போலவே இருக்கும், ஆனால் பழம் தின்ன உதவாத என்செத் மரத்தின் தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் புளிக்க வைத்து, சுட்டுத் தின்பது. வோலாய்தாக்காரர்களின் புத்தாண்டு கிஃபாத்தா. சிதாமாக்காரர்களுடையது ஃபிச்சே சம்பலாலா, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பல வீடுகள் ஆர்த்தடாக்ஸ் அல்ல, புராட்டஸ்டன்ட். இரண்டு ஆண்டு அம்ஹாரிக் படித்துவிட்டு ஊருக்குப் போய்ப் பெற்றவள் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கும் புரியவில்லை, இவளுக்கும் புரியவில்லை. கோப்பில் இருக்கும் கேபெலேயைப் பார்த்துவிட்டு மொழி வகுப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

தலைமுடியைப் பற்றி ஓர் அமைச்சகத்துக்கு எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அடர்ந்த சுருள் முடியை அன்றாடம் ஷாம்பு போட்டால் வறண்டு முறியும். வாரத்துக்கு ஒரு முறை போதும். காய்ந்த முடியில் சீப்பை விடக் கூடாது. நனைத்து, கண்டிஷனர் தாராளமாகப் பூசி, தலையை நான்கிலிருந்து எட்டுப் பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வேர்ப்பக்கம் சிடுக்கெடுக்க வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் சிடுக்கெல்லாம் நுனியில் முடிச்சாகத் திரளும், பிள்ளை அலறும், கடைசியில் கத்திரிக்கோல் வரும். பின்னலை ஆறு வாரத்துக்கு மேல் விடக் கூடாது. இறுக்கிப் பின்னினால் நெற்றியோரம் முடி கொட்டும், ஆண்டுக்கணக்கில் இழுத்தால் திரும்ப முளைக்காது. இரவில் சாட்டின் துணி கட்டிப் படுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் போய்விடும். வளர்ப்பவர்கள் இதைக் கற்கவில்லையென்றால், மொட்டை அடித்த தலையோடு பள்ளிக்குப் போகும் சிறுமி தன் முடி ஒரு தொல்லை என்று ஏழு வயதிலேயே முடிவுகட்டிவிடுகிறாள். ராட்டர்டாமின் வெஸ்ட் க்ருயிஸ்கேடிலும் ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மரிலும் பின்னல் போடும் கடைகள் உண்டு. கிராமத்தில் வளரும் பிள்ளைக்கு அங்கே போய்வரும் ரயில் செலவை யார் கொடுப்பது என்பதும் கொள்கைப் பிரச்சினைதான். அந்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்காரும்போதுதான் பல பிள்ளைகள் தன்னைப் போன்ற தோலுள்ள பெரியவர் ஒருவரோடு முதன்முதலாகச் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

'நாங்கள் நிறம் பார்ப்பதில்லை' என்று வளர்ப்புப் பெற்றோர் சொல்வதை நம்புகிறோம். பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். வெள்ளைத் தாயின் கையைப் பிடித்துக் கடைக்குப் போகும் ஐந்து வயதுப் பையனைக் கொஞ்சுகிறார்கள். அதே பையன் பதினைந்து வயதில் தனியாகப் போனால் காவலாள் பின்னால் நடக்கிறான். நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் 5 வரை வகுப்பில் சிந்தெர்க்ளாஸ் விழாவின் வேலையாளான, முகத்தில் கரி பூசிய 'பீட்' பொம்மை தொங்கிய ஆண்டுகளில் 'நீ பீட்டின் தம்பியா?' என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள் இவர்கள். பள்ளியில் இப்படி நடந்தால் அன்றே நாள், சொன்ன சொல், பார்த்தவர் பெயர் மூன்றையும் எழுதி, பள்ளியிடம் எழுத்தில் பதில் கேட்க வேண்டும். வகுப்புக்கு முன்னால் நின்று விளக்கச் சொல்லிப் பிள்ளையைத் தள்ளக் கூடாது. தத்தெடுக்க அனுமதிக்கும் முன் கட்டாய வகுப்பு வைத்த அரசு, பிள்ளை பத்து வயது தாண்டிய பிறகு பெற்றோருக்கு ஒரு வகுப்பைக்கூடக் கட்டாயமாக்கவில்லை.

இப்போது பணம். 2015 முதல் பிள்ளைகளின் மனநல உதவி நகராட்சியின் பொறுப்பு. 18 வயதானதும் அது காப்பீட்டுக்கு மாறுகிறது. முதல் 385 யூரோ அவர் கைக்காசு. சிகிச்சை தொடங்க 14 வாரத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பது துறை தானே வகுத்த வரம்பு. காத்திருப்புப் பட்டியல்கள் அதைத் தாண்டுவது உங்களுக்கே தெரியும். பலர் தம் கோப்பைத் தேடத் தொடங்கும் வயதும், தெரிந்த ஆலோசகரை இழக்கும் வயதும் ஒன்றாக இருக்கிறது. ஸ்வீடனில் வெளிநாட்டுத் தத்துப்பிள்ளைகளைப் பற்றி 2002-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, அவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று கண்டது. இருபது ஆண்டுக்கு மேலாக மேசையில் கிடக்கும் எண் அது.

மரபணுச் சோதனைப் பெட்டியை வாங்கிக் கொடுத்துக் கைகழுவவும் முடியாது. கடையில் விற்கும் சோதனைகளின் தரவில் எத்தியோப்பியர் மிகக் குறைவு. வேறு நாட்டுக்குத் தத்துப்போன உடன்பிறப்பு தற்செயலாகக் கிடைக்கலாம். ஊரில் இருக்கும் தாய் கிடைக்க மாட்டாள், அவள் எச்சில் எங்கும் பதிவாகவில்லை. வோலாய்தாவா ஹதியாவா என்றும் அது பிரித்துச் சொல்லாது. கோப்பின் வழியே ஊரைக் கண்டுபிடித்து, தத்தெடுப்பை நடத்திய பழைய நிறுவனத்தோடு தொடர்பில்லாத உள்ளூர் மொழிபெயர்ப்பாளரை அனுப்பி, தாயின் சம்மதத்தைத் தனியாகக் கேட்டு, பிறகு இருவருக்கும் ஆய்வகத்தில் நேருக்கு நேர் ஒப்பிடும் சோதனை, அதன் பிறகுதான் சந்திப்பு. இந்த வரிசை மாறினால் தவறான குடும்பத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்து, ஆறு மாதம் கழித்து உண்மை தெரியும். முதல் சந்திப்பில் பணம் கைமாறக் கூடாது என்பதையும் இருபக்கமும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறோம்.

எத்தியோப்பியாவிலிருந்து வந்த அத்தனை பேரின் கோப்புகளையும் எண்ணி, எந்தக் கோப்பு எந்த நிறுவனத்தின் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற பட்டியலை ஆறு மாதத்துக்குள் வெளியிடுங்கள். கடையை மூடும் நிறுவனங்களிடமிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கைமாற்றும் வரை ஒரு தாளும் அழிக்கப்படக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். 1998-க்குப் பிந்தைய ஆப்பிரிக்கத் தத்துகளுக்குத் தனி விசாரணை வையுங்கள். அதில் அம்ஹாரிக் மட்டுமல்ல, வோலாய்தா, ஹதியா, கெம்பாட்டா, சிதாமா, ஓரோமோ படிப்பவர்களும் தத்தாக வந்தவர்களும் சம்பளத்தோடு உட்கார வேண்டும்.

முதற்பெயர், பிறந்த தேதி இரண்டையும் திருத்த வக்கீலும் கட்டணமும் இல்லாத நேர்வழி ஒன்றை ஏற்படுத்துங்கள். 1995-இல் நீங்கள் ஏற்ற குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவு கேட்பதும் இதைத்தான். எத்தியோப்பிய வம்சாவளியினருக்கான மஞ்சள் அட்டை கிடைத்தால் விசா இல்லாமல் அங்கே போகலாம், தங்கலாம், வேலை செய்யலாம். அதற்கு அந்நாட்டுப் பிறப்பைக் காட்டச் சான்று வேண்டும். தத்துத் தீர்ப்பும் பிள்ளை பயணம் செய்த பழைய எத்தியோப்பியப் பாஸ்போர்ட்டும் அதற்குச் செல்லும்படி அடிஸ் அபாபாவோடு பேசி எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர்களே, அந்தப் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தத்தாக வந்தவர்களின் மனநலச் சிகிச்சைக்கு வயது வரம்பும் 385 யூரோவும் வேண்டாம். இனவெறியையும் தத்தையும் சேர்த்தே புரிந்துகொள்ளும் சிகிச்சையாளர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதில் கறுப்பினச் சிகிச்சையாளர்கள் போதுமான அளவில் இருக்கும்படி பயிற்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். தேடல், ஆய்வகச் சோதனை, மொழிபெயர்ப்பாளர், ஒரு முறை ஊர்ப்பயணம், திரும்பி வந்த பிறகு ஆறு மாத ஆலோசனை ஆகியவற்றுக்கான செலவை அரசு ஏற்கட்டும்.

மூன்று மாதத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். அதை எங்களுக்கு எழுத வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயருக்கு, டச்சில் ஒரு கடிதமாக அனுப்புங்கள்; உறைக்குள் அம்ஹாரிக் மூலத்தின் முழு நகலையும் வையுங்கள்.